நல்ல நேரமும் நாலாம் கட்டிலும்

சர்வர் பெட்டிக்கு மாலை போட்டவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் வருஷா வருஷம் போட்டிருக்கிறேன். மும்பை செம்பூரில் நான் அட்டெண்டராக வேலை பார்த்த டயாலிசிஸ் சென்டரில், பின்பக்கத்துச் சின்ன ஏ.சி. அறைக்குள், என் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாக ஒரு பெட்டி நின்றது. அதற்கு நெற்றி என்று ஓர் இடத்தை நாங்களாகவே தீர்மானித்து, ஆயுத பூஜை அன்று சந்தனம் பூசிக் குங்குமம் வைப்போம். அந்த நெற்றிக்கு நேர் கீழேதான் அதை நிறுத்துகிற பொத்தான். டிரஸ்டி பெரியவர் கட்டைவிரலில் ஈரச் சந்தனத்தோடு அதை அமுக்குவார். நான் பக்கத்தில் மணியை ஆட்டிக்கொண்டு நிற்பேன். இன்றைக்கும் எங்காவது பூஜை மணி கேட்டால் அந்த விரலும் பொத்தானும்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன, அதற்குப் பிறகுதான் சாமி. முருகன் இதைப் பொறுத்துக்கொள்வான். அந்தப் பெட்டியைச் சரிசெய்ய ஆள் அனுப்பியவன் அவன்தான் என்பது என் நம்பிக்கை.

அந்த சென்டரை மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்து நம் தமிழ் ஆட்கள் சிலர் டிரஸ்ட் வைத்து நடத்தினார்கள். சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்களின் ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரையும் எடுத்துவிட்டு அனுப்புகிற இடம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து, வருகிற ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். ஸ்டோர் சாவி, சக்கர நாற்காலி தள்ளுவது, காலையில் பிள்ளையார் படத்துக்கு விளக்கு ஏற்றுவது எல்லாம் என் வேலை. எங்கள் எல்லாருக்கும் மேலே டிரஸ்டி பெரியவர். பாலக்காட்டு வம்சம், மாட்டுங்காவிலேயே பிறந்து, பெரிய கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர். பாதிப் பேருக்குக் காசே வாங்காமல் மெஷினில் படுக்க வைத்தார். இரண்டே விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒன்று நல்ல நேரம், இன்னொன்று முதல் மரியாதை.

மும்பையில் கரண்ட் போவது அபூர்வம். போனாலும் சென்டரில் ஜெனரேட்டர் இருந்தது. அதனால் அந்தப் பெட்டி வருஷம் முழுக்க நிற்காமல் ஓடும். ஆயுத பூஜை அன்று மட்டும் அதற்கு ஓய்வு. அன்றைக்குக் காலை நோயாளிகளை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டு, எடை மெஷின், பிரிண்டர், சக்கர நாற்காலி, என் ஸ்டோர் பூட்டு வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து பூஜை போடுவோம். பெரியதுக்குத்தான் முதல் மரியாதை, சென்டரிலேயே பெரியது அந்தப் பெட்டி, அதை நிறுத்துகிற கையும் பெரிய கையாக இருக்க வேண்டும் என்பது பெரியவர் வகுத்த முறை. ராகு காலம் வருவதற்குள் அமுக்கியாக வேண்டும். சிஸ்டர் கடைசி நோயாளிகளின் குறிப்பை கம்ப்யூட்டரில் அவசர அவசரமாக அடித்து முடிப்பதும், பெரியவர் பொத்தானை அமுக்குவதும் கிட்டத்தட்ட ஒன்றாக நடக்கும்.

விஜயதசமி காலையில் பெட்டியைத் திறந்தால் அந்தக் கடைசிக் குறிப்புகள் இருக்காது. சிஸ்டர் அடித்தது நிஜம், அடித்ததை நான் கண்ணால் பார்த்ததும் நிஜம், ஆனால் காணோம். வைரஸ் என்றார் ஒருவர். கண் திருஷ்டி என்றார் பெரியவர். அடுத்த வருஷம் பெட்டியின் காதில் எலுமிச்சம் பழமும் பச்சை மிளகாயும் கட்டினோம். அப்போதும் காணோம். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற தொந்தரவுதானே என்று, சிஸ்டர் ஞாபகத்திலிருந்து மறுபடி அடித்துப் போடுவார். நாங்களும் மறந்துவிடுவோம்.

என் மனைவி அந்த சென்டருக்கு நோயாளியாக வந்த பிறகுதான் அது மறக்க முடியாத விஷயமாக ஆனது. சர்க்கரை அவளுடைய சிறுநீரகத்தைத் தின்றுவிட்டிருந்தது. நான் வேலை பார்க்கிற இடத்திலேயே நாலாம் நம்பர் கட்டில் அவளுக்குக் கிடைத்தது. ஓர் ஆயுத பூஜை அன்று காலை, மெஷினில் கடைசி ஒரு மணி நேரம் இருக்கும்போது அவளுக்கு பி.பி. இறங்கிவிட்டது. சிஸ்டர் உடனே கவனித்துச் சரிசெய்தார். அடுத்த தடவை தண்ணீர் குறைவாக எடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் குறிப்பும் அடித்தார். அந்தக் குறிப்பும் மற்றவற்றோடு போய்விட்டது. அடுத்த தடவை வேறு சிஸ்டர் இருந்தார். பெட்டியில் இருந்த பழைய கணக்கைப் பார்த்து எப்போதும் எடுக்கிற அளவை எடுத்தார். பாதியிலேயே என் மனைவிக்குக் கால் இரண்டும் முறுக்கிக்கொண்டு, கண் மேலே செருகி, நினைவு தப்பிவிட்டது. கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தி, சலைன் ஏற்றி, டாக்டர் ஓடிவந்து அவளைத் திரும்பக் கூப்பிடுவதற்குள், நான் அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லாத சஷ்டிக் கவசம் இல்லை.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் மனம் விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: “என்னைய விட்டுருங்க. அந்தக் கட்டில்ல இனி படுக்க மாட்டேன்.”

“கிறுக்கு பிடிச்சிருக்காட்டி ஒனக்கு? படுக்கலைன்னா என்ன ஆவும் தெரியும்லா?”

“தெரியும். மஞ்சளும் குங்குமமுமா போயிருதேன். ஒங்களுக்கு முந்திப் போயிட்டா எனக்கும் அது கொடுப்பினைதான். அம்மன்கிட்ட அதத்தான் கேட்டுட்டு இருக்கேன்.”

அழுதுகொண்டே சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அரிசி களைந்துகொண்டே, வேறு யாரைப் பற்றியோ பேசுகிற மாதிரி சொன்னாள். அடுத்து போக வேண்டிய நாள் போகவில்லை. மகன் பேசிப் பார்த்தான், சிஸ்டர் போன் செய்தார், நான் கெஞ்சினேன். கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள்.

அந்த நிலையில்தான் நான் வேலைக்குப் போனேன். அன்றைக்கு பிரிண்டர் ரிப்பேர் என்று சிஸ்டம் மேடம் வந்திருந்தார். சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற கம்பெனியிலிருந்து அனுப்புவார்கள். டோம்பிவிலியிலிருந்து வந்து குர்லாவில் வண்டி மாறி வருவார். முப்பது வயது இருக்கலாம். இவரும் பாலக்காட்டு வழிதான், ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. பேச்சில் பாதி ஹிந்தி. பிரிண்டருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன அண்ணா, நெத்தில விபூதி எங்கே?”

தொட்டுப் பார்த்தேன். இல்லை. குளித்தேனா என்றுகூட ஞாபகமில்லை. அந்த ஒரு கேள்வியில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “அந்த நோட் எந்த அன்னிக்கு அடிச்சது? ஆயுத பூஜை அன்னிக்கா? போன வருஷமும் அன்னிக்குத்தான் போச்சா?” ஆமாம் என்றேன். பிரிண்டரை அப்படியே போட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போனார். மத்தியானச் சாப்பாடு திறக்காமலே பையில் கிடந்தது.

வெளியே வந்தபோது அவருக்கு யார் மேலேயோ கோபம். யார் மேலே என்று தெரியவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் என்று உட்கார வைத்துச் சொன்னார். அந்த ஒரு பெட்டிக்குள் பல பேர் வேலை செய்கிறார்களாம். சர்வீஸ் என்று அவர்களுக்குப் பெயர். கட்டில்களிலிருந்து வருகிற குறிப்பைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ள ஒருவர். அவர் வாங்கியதைச் சற்று நேரத்துக்கு ஒரு தரம் மொத்தமாகக் கொண்டுபோய் ஸ்டோரில் கொடுப்பார். ஸ்டோரைத் திறந்து வைத்துக்கொண்டு அதை அடுக்கி வைக்க இன்னொருவர். அடுக்கியதற்குப் பிரதி எடுக்க வேறொருவர். பொத்தானை அமுக்கினால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் “கிளம்புங்கோ” என்று செய்தி போகும்.

“இப்போ நீங்க பாட்டுக்கு உங்க ஸ்டோரைப் பூட்டிண்டு பஸ் ஏறிட்டேள். சிஸ்டர் கை நிறைய மருந்தோட வந்து பூட்டின கதவைத் தட்டிண்டு நிக்கறா. என்ன ஆகும்?”

“திரும்பி வருவேன். இல்லைன்னா சிஸ்டர் என்னைக் கொன்னுருவாவ.”

“அது மனுஷாளுக்கு. பொட்டிக்குள்ள யாரும் திரும்பி வர மாட்டா. கொஞ்ச நேரம் கதவைத் தட்டுவா. அப்பறம் அவளையும் கழுத்தைப் பிடிச்சு வெளில தள்ளி, லைட்டை ஆஃப் பண்ணிடும். கையில இருந்தது கையோட போச்சு. அவ்வளவுதான், கதம்.”

பெட்டியை முதலில் அமைத்த ஆட்கள், குறிப்பு வாங்குகிறவருக்கு ஸ்டோர் வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்களாம். ஸ்டோர் எழுந்த பிறகுதான் இவர் எழ வேண்டும் என்று எழுதவில்லையாம். “வேணும்கறது வேற அண்ணா, அதுக்கப்பறம்கறது வேற. பின்னாடி எழுந்துக்கறவன்னு ஒரு வரி எழுதிட்டா போறும், நிறுத்தும்போது அதுவே தலைகீழா எடுத்துக்கும். கடைசியா எழுந்தவன் முதல்ல போவான். எல்லாருக்கும் முன்னாடி எழுந்த ஸ்டோர்க்காரன் கடைசியா பூட்டிண்டு போவான்.” வருஷத்தில் ஒரே ஒரு நாள் நிறுத்துகிற பெட்டி என்பதால் இது யார் கண்ணிலும் படவில்லை. எலுமிச்சம் பழத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அப்படியானால் பெரியவரிடம் சொல்லி, பூஜையின் முடிவில் பெட்டியை நிறுத்தச் சொல்லலாமே என்றேன். சிஸ்டம் மேடம் சிரித்துவிட்டார். “மாமாகிட்டயா? முதல் மரியாதையைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லவா? அரே அண்ணா, மாமாவை மாத்தறதைவிட பொட்டியை மாத்தறது ஈஸி.” அங்கேயே நின்று பெரியவருக்குப் போன் போட்டார். “மாமா, பொட்டி நீங்க சொன்னபடி கேக்கற மாதிரி கொஞ்சம் சரி பண்ணித் தரட்டுமா?” அந்தப் பக்கம் பெரியவரின் குரல் எனக்கே கேட்டது. “நான் அமுக்கினா அது கேக்கணும், கொழந்தே. வேறென்ன வேணும் எனக்கு?”

பெட்டிக்குள் எழுதுகிற வேலை அவர் கம்பெனியின் பொறுப்பில் இல்லை. பிரிண்டருக்குத்தான் அனுப்பினார்கள். பிறகு வேறு வேலையாகச் செம்பூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அதை முடித்துக் கொடுத்தார். ஒரு வரிதான் என்று சொன்னாரே தவிர, எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், யாராவது கட்டிலில் பாக்கி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். அதெல்லாம் பின்னால். அன்றைக்கு சாயங்காலம் அவர் செய்ததைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “வாங்கோ, உங்காத்துக்குப் போலாம்” என்றார்.

தாராவியில் எங்கள் வீடு மாடியில். சந்திலிருந்து நேராக மேலே போகிற இரும்பு ஏணிதான் படி. புதிதாக வருகிறவர்கள் பாதியில் நின்று கீழே பார்த்துப் பயப்படுவார்கள். அவர் லேப்டாப் பையோடு ஏறி வந்து, என் மனைவியின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“நீ யாரும்மா, டாக்டரா?”

“இல்ல மன்னி. சென்டர்ல பொட்டி ரிப்பேர் பண்றவ.”

“மன்னியா? அப்படின்னா?”

“அண்ணா ஆத்துக்காரி.”

“எங்க பக்கம் மதினிம்போம்.” என் மனைவி வீங்கிய காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். “பொட்டி ரிப்பேரு பாக்குதவளுக்கு என் ஒடம்பப் பத்தி என்னம்மா தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது மதினி. உங்களைப் பத்தி சிஸ்டர் எழுதினதைப் பொட்டி தொலைச்சுடுத்து. அது மட்டும் தெரியும். இனிமே தொலைக்காம பண்றேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ. அடுத்த பூஜைக்கு மறுபடியும் தொலையும். இவரு மறுபடியும் எலுமிச்சம் பழத்தக் கட்டுவாரு.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன். பிறகு அவர் சொன்னார்: “அடுத்த பூஜை அன்னிக்கு நான் லீவு போட்டுண்டு வந்து உங்க கட்டில் பக்கத்துல நிக்கறேன். நான் வராம நீங்க கையை நீட்டாதேங்கோ. ஆனா அதுவரைக்கும் ஒரு தரம்கூட விடப்படாது. சலேகா, சரியா?”

 நானும் மகனும் இத்தனை நாள் என் மனைவியிடம் கெஞ்சினோம், மிரட்டினோம். இந்தப் பெண் பேரம் பேசினார். அது அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். “காப்பியா, டீயா?” என்று கேட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். மறுநாள் காலையில் நான் அவளை சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த வருஷம் முழுக்க அவள் ஒரு தடவையும் தவறவில்லை. ஆனால் அவளுடைய நம்பிக்கை ஆயுத பூஜை வரைக்கும்தான் போடப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு ஏதாவது பிசகினால் இனி யார் சொல்லியும் கேட்க மாட்டாள்.  நவராத்திரி தொடங்கியதிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு வேளை கோவிலுக்குப் போனேன்.

பூஜை அன்று அவள் நேரத்துக்கு வந்து நாலாம் கட்டிலில் உட்கார்ந்தாள். ஆனால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சிஸ்டர் ஊசியோடு நின்றார்.

“அந்தப் பிள்ளை வரட்டும்.”

“வந்துருவாம்மா, நீங்க கையைக் குடுங்க. லேட் ஆவுது.”

“வரட்டும்னேன்.”

சிஸ்டம் மேடம் வரவில்லை. போன் வந்தது. “அண்ணா, வித்யாவிஹார் தாண்டி வண்டி அசையவே மாட்டேங்கறது. சிக்னல் ஃபெயிலாம். மதினிகிட்ட சொல்லுங்கோ, வந்துடறேன்.” நான் போய்ச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், கையை எடுக்கவில்லை. மற்ற கட்டில்களில் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. என் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். இன்னொரு முறை போன் செய்தால் எடுக்கவில்லை. சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்றால் நாளைக்குப் பார்க்கலாமா என்றார். நாளைக்கு என்று ஒன்று அவளிடம் கிடையாது என்பதை சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் வந்து சேர்ந்தார். ரயிலிலிருந்து தண்டவாளத்தில் குதித்து, கூட்டத்தோடு கூட்டமாகக் குர்லா வரை நடந்து, ஹார்பர் வண்டியைக் காத்திராமல் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். பூஜை என்று பட்டுப்புடவை கட்டியிருந்தார். அதன் கரை முழுக்கத் தண்டவாளக் கரி. மூச்சு வாங்க நின்றவரைப் பார்த்து என் மனைவி, “புடவை பாழாப்போச்சே பிள்ள” என்றாள். பிறகு முந்தானையிலிருந்து கையை எடுத்து சிஸ்டரிடம் நீட்டினாள்.

தாமதமாக ஆரம்பித்ததால் தாமதமாகத்தான் முடிய வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் முடித்து எழுந்து போன பிறகும் நாலாம் கட்டிலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் பெரியவர் பஞ்சகச்சத்தோடு வந்துவிட்டார். பஞ்சாங்கம் அவர் தலைக்குள் இருந்தது. “ராகு காலம் வந்துடப் போறது. மணியை எடுப்பா.” நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே ஆகட்டும் என்றார். கற்பூரம் ஏற்றினேன். மணி அடித்தேன். பெரியவர் சந்தன விரலால் பொத்தானை அமுக்கினார்.

பெட்டி நிற்கவில்லை. அதன் விசிறிச் சத்தம் அப்படியே இருந்தது. பெரியவர் இன்னும் ஒரு தரம் அமுக்கப் போனார். மேடம் மெதுவாகத் தடுத்தார்.

“என்னடி கொழந்தே, அமுக்கியாச்சு, நிக்கலையே? என் சொல்லைக் கேக்கும்னியே!”

“கேட்டுடுத்து மாமா. இங்க பாருங்கோ.” பெட்டியின் திரையை ஏ.சி. அறையின் கண்ணாடிக் கதவு வழியாக எல்லாரும் பார்க்கிற மாதிரித் திருப்பினார். அதில் இங்கிலீஷில் ஒரு வரி நின்றது. “நீங்க நிறுத்தச் சொன்னது தெரியறது. புதுசா யாரையும் எடுத்துக்க மாட்டேன். ஆனா நாலாம் கட்டில் இன்னும் முடியலை, அதுக்காகப் பொறுத்திண்டிருக்கேங்கறது.”

கட்டிலில் படுத்திருந்த என் மனைவி கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். “யாரு சொல்லுதா?”

“பொட்டிதான் மதினி.”

“எனக்காவா காத்துட்டு நிக்குது?”

“உங்களுக்காகத்தான்.”

“அப்போ அந்தப் பெரியவரு?”

“அவரும்தான் நிக்கறார்.”

 பெரியவர் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக நாலாம் கட்டிலுக்குப் போனார். மெஷினில் ஓடும் ரத்தக் குழாயைப் பார்த்தார், மெஷினில் பாக்கி நேரத்தைப் பார்த்தார், என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் எழுந்து கும்பிட முடியாமல் ஒரு கையை மட்டும் நெஞ்சில் வைத்தாள். பெரியவர் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

“நான் அமுக்கினது நல்ல நேரத்துலதானே?”

“சந்தேகமே இல்ல மாமா. அமுக்கின நேரத்தைக்கூட அது குறிச்சு வெச்சிண்டிருக்கு.”

“அப்போ சரி. அமுக்கறதுதான் நம்ம பொறுப்பு. நிக்கறது அது இஷ்டம்.” என்னிடம், “கற்பூரம் இன்னொண்ணு ஏத்துப்பா” என்று சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் மனைவியின் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ ஸ்லோகம் சொல்லத் தொடங்கினார். ராகு காலம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அவரைப் பற்றி நான் நினைக்கும்போதெல்லாம், விரலில் காய்ந்த சந்தனத்தோடு அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அவரைத்தான் நினைக்கிறேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மெஷின் முடிந்தது. சிஸ்டர் ஊசியை எடுத்தார், எடை பார்த்தார், குறிப்பை அடித்தார். அன்றைக்கு அவசரமே படவில்லை, ஒவ்வொரு எழுத்தாகத்தான் அடித்தார். அடித்து முடித்ததும் திரையில் வரிகள் நகரத் தொடங்கின. மேடம் என் மனைவிக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். குறிப்பு வாங்குகிறவர் கையிலிருந்ததை எல்லாம் ஸ்டோரில் கொடுத்தாயிற்று. அவர் போகிறார். இப்போது பிரதி எடுக்கிறவர் போகிறார். இப்போது ஸ்டோர்க்காரர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுகிறார். கடைசியாக விசிறி நின்றது. அந்த அறையில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. முந்தைய வருஷங்களிலும் அது நின்றிருக்கிறது, ஆனால் பொட்டென்று நிற்கும். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் மனைவி அதைப் பார்த்தபடி இருந்தாள். “வரிசையால்லா போவுது” என்றாள்.

ஆனாலும் அவள் லேசில் விடுகிறவள் இல்லை. அடுத்த தடவை போனபோது, விஜயதசமி அன்று திறந்த பெட்டியில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படித்துக் காட்டச் சொன்னாள். வேறு சிஸ்டர்தான் இருந்தார். அவர் படித்தார். போன தடவை எவ்வளவு எடுத்தது, எடை என்ன, பி.பி. எப்போது லேசாக இறங்கியது, இந்தத் தடவை எவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. எல்லாம் இருந்தது.  அவள் கட்டிலில் ஏறிப் படுத்து, தலையணையைச் சரி பண்ணிக்கொண்டு சொன்னாள்: “சரி. குத்துங்க சிஸ்டர்.”

சிஸ்டம் மேடம் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டார். சென்டரும் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. இப்போது அந்த மாதிரிப் பெட்டி கிடையாது, எல்லாம் எங்கேயோ தூரத்தில் இருக்கிறதாம். மாலை போட ஏதுமில்லாமல் நவராத்திரிக்கு பிரிண்டருக்குப் போடுகிறார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு இன்னமும் அதே சென்டருக்குப் போய் வருகிறேன்.

போன நவராத்திரியில் மேடத்தின் பேருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். நட்சத்திரம் கேட்டுப் போன் செய்தேன். “ஐயோ அண்ணா, எனக்கே தெரியாதே, அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்” என்றார். மறுநாள் உத்திராடம் என்று சேதி வந்தது. எங்கள் தெரு அம்மன் கோவிலில் தட்டோடு நின்று, என் பேரையும் மகன் பேரையும் சொன்னாள். பிறகு மேடத்தின் பேரையும் உத்திராடத்தையும் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். அதற்குப் பிறகுதான் தன் பேர். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரொம்ப நேரம் கண்ணைத் திறக்காமல் நின்றாள். எனக்குப் பழைய பயம். மஞ்சளும் குங்குமமுமாக எனக்கு முந்திப் போக வேண்டும் என்று அவள் அந்த அம்மனிடம் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கேட்டேன். “என்னட்டி அவ்வளவு நேரம் வேண்டிக்கிட்ட?”

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நுழைத்தாள். பிறகு அடுத்த காலை.

“முன்ன கேட்டதுக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வந்தேன்.”